விரல் படாத மேதை

"என்னய்யா இது, பூனை நடந்து போற மாதிரி இருக்கு?" என்றார் இயக்குநர்.

அருங்காட்சியகத்தின் இசைக்கூடக் காப்பாளருக்கு வியர்த்தது. வெள்ளிக்கிழமைக்குள் கூட்டம் சேராவிட்டால் கூடம் உடைந்த நாற்காலிகளுக்குக் கிடங்காகிவிடும், அவர் வேலை போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். துளையிட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானே வாசிக்கும் பழைய பியானோ ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பழுது பார்க்கச் செய்து, உள்ளே இருந்த சுருளை ஓடவிட்டிருந்தார்.

பியானோ இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக வலது கோடிவரை போனது. வந்த வழியே திரும்பியது. பிறகு ஒரே கட்டையை முப்பது தடவை குத்தியது.

மனிதனின் பத்து விரல் போதாதென்று இயந்திரங்களுக்காகவே இசை எழுதிய சோதனைக்காரர்களைப் பற்றிப் போன வாரம்தான் காப்பாளர் படித்திருந்தார். அரைப் பக்கம். ஞானம் முழுசாக வந்துவிட்டது.

"சார், இது பரிசோதனை இசை. புரிஞ்சிட்டா அது தோல்வி."

"யாரு எழுதினது?"

"பேர் போடுறது ஆணவம்னு நினைச்ச மேதை, சார்."

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக்கூடிய பதவியும் அவருடையதில்லை. பெரிய விமர்சகரை வரவழைத்தார்.

விமர்சகர் கண்ணை மூடிக் கேட்டார். முப்பதாவது குத்தில் கண்ணீர் எட்டிப் பார்த்தது. "தனிமைய்யா, தனிமை! இவர் வாழ்க்கையில பெரிய அடி விழுந்திருக்கணுமே?"

"விழுந்துச்சு சார். காதலி விட்டுட்டுப் போயிட்டா."

"எத்தனை வயசுல?"

"முப்பது."

பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. இயக்குநர் உடனே சிலைக்கு ஏற்பாடு செய்தார். சிற்பி முகம் கேட்டபோது, காப்பாளர் தன் மாமனாரின் இளவயதுப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"எங்கப்பா பியானோவைத் தொட்டதே இல்லையே!" என்றாள் மனைவி.

"அதனாலதான் பொருத்தமா இருக்கார். இது விரல் படாத இசை."

வெள்ளிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. முப்பதாவது குத்து விழுந்ததும் சபையே எழுந்து கைதட்டியது. "இந்தக் கூடத்தை இனி எவனாலும் மூட முடியாது!" என்று இயக்குநர் காப்பாளரைக் கட்டிக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பியானோவைப் பழுது பார்த்த மெக்கானிக் மேடையேறினார்.

"மன்னிச்சிருங்க சார், எல்லாக் கட்டையும் சத்தம் போடுதான்னு பார்க்குற டெஸ்ட் சுருளை அன்னிக்கு உள்ளேயே விட்டுட்டுப் போயிட்டேன்... ஏன் சார், இன்னும் பாட்டு எதுவும் போட்டுப் பார்க்கலியா?"