பொருநை முதலைகளும் எட்டு மணி ரிவ்யூ மீட்டிங்கும்

தலைமைப் பண்பு சிலருக்குப் பிறவியிலேயே வரும், சிலருக்குப் பழகப் பழக வரும். எனக்கு அது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, மொத்தம் பதினோரு நாள் வந்தது. பிறகு நானும் கூப்பிடவில்லை, அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காரியம் நொடித்தாலும் ஒரு கமிட்டி போட்டால் எழுந்துவிடும் என்று நம்புவான். என் அப்பா சபைக் கமிட்டியில் பல வருடம் செயலாளர். எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதானால்கூட முதலில் கூட்டம், அப்புறம் தீர்மானம், கடைசியில்தான் மெக்கானிக். (மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருவது அம்மா. அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. வேலை முடிந்தால் 'பொருநை முதலைகள்'. கைபேசியில் கோட்டை பிடிக்கும் ஆட்டம் ஒன்றில் எங்கள் படையின் பெயர் அது. ஒரு படைக்குப் பத்துப் பேர் ஆட வேண்டும். மேலப்பாளையம் காசிம் ஆரம்பித்து, நாற்பது பேர் வரை சேர்த்து வைத்திருந்தான். என் கல்யாணத்துக்குச் சற்று முன் அவன் துபாய்க்கு வேலைக்குப் போனதும் ஆள் ஆளாகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் பதினான்கு பேர். அதிலும் ஆட வந்தது நாலைந்து பேர்தான். மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடுவதற்காக மட்டும் உயிரோடிருந்தார்கள்.

நாங்கள் ஆடிய லீக்கில் ஒரு விதி. தொடர்ந்து மூன்று போட்டிக்குப் பத்துப் பேரை இறக்காத படையின் பெயரை அடித்துவிடுவார்கள். நாங்கள் இரண்டைத் தவறவிட்டிருந்தோம். மூன்றாவது, பதினோரு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தூத்துக்குடிப் படையோடு.

காசிமிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "ஏலே எபி, நாலு வருஷமா வளத்ததுலே. இங்கன வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா பேச்சுத் துணைக்கு ஒரு மனுசன் கெடையாது. இந்தக் குரூப்பு மட்டுந்தான் இருக்கு. அதும் போச்சுன்னா எனக்கு ஊரே போன மாதிரி. எப்படியாச்சும் பாருலே."

உடனே, எங்கள் குல வழக்கப்படி, கூட்டம் போட்டேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தினமும் இரவு எட்டு மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். என் மனைவி பியூலாவிடம் அதற்குப் பெயர் 'கம்பெனி ரிவ்யூ மீட்டிங்'. அந்த நேரத்தில் எங்கள் மேலாளர் போன் செய்தால் எடுக்க மாட்டேன். அவரிடம் அதற்குப் பெயர் 'சபைக் கூட்டம்'. மாடியில் நான் "பின்னால வாரான், விடாத, அடி!" என்று கத்துவதைக் கேட்டு, கம்பெனியில் ஏதோ தகராறு என்று பியூலா எனக்காக ஜெபம் செய்திருக்கிறாள்.

கூட்டத்துக்கு வருவோம். போனில் எல்லோரையும் இணைத்து, பதினான்கு பொருள் கொண்ட நிகழ்ச்சி நிரலை வாசித்தேன். முதல் பொருள், நிர்வாகிகள் தேர்வு. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதே என்று எல்லோருக்கும் பதவி கொடுத்தேன். தலைவர் நான். ஒரு செயல் தலைவர், நான்கு துணைத் தலைவர்கள், இரண்டு செயலாளர்கள், இரண்டு இணைச் செயலாளர்கள். காசிம் கௌரவ ஆலோசகர். தச்சநல்லூரில் பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்த இசக்கி, விளம்பரச் செயலாளர். ஆறு மாதமாக எட்டியே பார்க்காத ஒருவரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குத் தலைவராக்கினேன்.

புன்னக்காயலில் கடலுக்குப் போகும் அந்தோணி மட்டும் மறித்தான். "எல்லாருக்கும் பதவி குடுத்துட்டா, ஆடுததுக்கு யாருவே இருப்பா? எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் சும்மா ஆளு." சும்மா ஆள் என்று ஒரு பதவி என் பட்டியலில் இல்லை. அவனைக் கடலோரப் பொறுப்பாளராக்கிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனேன்.

அடுத்த ஐந்து நாள், நான்கு துணைத் தலைவர்களில் யார் பெயர் முதலில் வருவது என்று குழுவில் நடந்த சண்டையில் பாதியைத் தூத்துக்குடிக்காரனோடு போட்டிருந்தால் கோட்டையைப் பிடித்திருக்கலாம். ஆட்டத்தை யாரும் திறக்கவே இல்லை. நான் ஒரு வருகைப் பதிவேடு தயார் செய்து அனுப்பினேன். 'வராமைக்குக் காரணம்' என்று அதில் தனிக் கட்டமே உண்டு. தினமும் அதை நிரப்பியவன் நான் ஒருவன்தான். (காரணம்: வந்தேன்.)

அப்போதுதான் இசக்கி தன் பதவிக்கு நியாயம் செய்தான். "ஒரு பிளக்ஸ் வப்போம்வே. நம்ம ஊர்ல காது குத்துல இருந்து கட்சி வரைக்கும் எது எழும்புனாலும் பிளக்ஸ்லதாம்வே எழும்புது."

எனக்கும் சரியென்றே பட்டது. விளையாட்டில் எங்களுக்கெல்லாம் புனைபெயர்தான். யார் வீட்டிலும் விஷயம் தெரியாது. அந்த ஒரே பாதுகாப்பையும் தூக்கி எறிந்து, எல்லோரையும் புகைப்படம், சொந்தப் பெயர், பார்க்கும் வேலை எல்லாம் அனுப்பச் சொன்னேன். அச்சடிக்கும் முன் இசக்கி மாதிரியை எனக்கு அனுப்பினான். தரப் பரிசோதனை என் தொழில் அல்லவா? கால் மணி நேரம் உற்றுப் பார்த்து, ஓர் எழுத்தில் புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தேன். கையோடு அடியில் ஒரு வரி சேர்க்கவும் சொன்னேன்: 'தினமும் இரவு 8 முதல் 9 வரை களத்தில் சந்திப்போம்!' ஒழுங்கமைப்பு என்றால் நேரம் வேண்டாமா?

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் தச்சநல்லூரைத் தாண்டும்போது அதைப் பார்த்தேன். பன்னிரண்டடி அகலம். எல்லோரையும்விடப் பெரியதாக நடுவில் நான், கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு சூட்டில், கையில் ஆட்டத்துத் துப்பாக்கியோடு. மூன்று விநாடி பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் முன் இருக்கையிலிருந்த எங்கள் மேலாளர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தார்.

"தலைவர், ஜே. எபனேசர், தரப் பரிசோதகர்... எட்டு முதல் ஒம்பது வரை..." பையத் திரும்பினார். "எட்டு மணிக்குச் சபைக் கூட்டம்னுல்லா சொன்னீரு? ஒம்ம சபையில துப்பாக்கியெல்லாம் உண்டோ?"

அந்நேரம் என் போன் அடித்தது. பியூலா. தச்சநல்லூரில் ஒரு பள்ளியில் அவள் டீச்சர். அதே வழியில்தான் ஸ்கூட்டரில் போவாள்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்ல."

"பிளக்ஸப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க தோள் பக்கத்துல என் பூச்செண்டு தெரியுது." போனை வைத்துவிட்டாள். கல்யாணப் போட்டோவில் அவளை வெட்டியெடுத்த இசக்கி, பூச்செண்டை விட்டுவைத்திருந்தான்.

சாயங்காலம் பாத்திரம் பறக்கும் என்று பயந்துகொண்டு போனேன். அவள் சத்தமே போடவில்லை. "வெளையாடப் போறேன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லுவேன்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து எட்டு மணிக்கு நான் ஒத்தையில உக்காந்து சாப்பிடுதேன். பாவம், மனுசனுக்கு எவ்வளவு வேலன்னு நெனச்சேன்." பாத்திரம் பறந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவ்வளவு வெட்கமாக அதற்கு முன்னும் பின்னும் நான் நின்றதில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குள், வீட்டார் உத்தரவுப்படி எட்டுப் பேர் குழுவை விட்டு விலகினார்கள். ஒரு துணைத் தலைவருக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் அந்த வழியாகவே மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காசிமுக்குச் சொன்னேன். "சரி, விடுலே" என்று மட்டும் குரல் செய்தி வந்தது. அதை நான் இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருக்கும்போது பியூலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காசிம் யார், என்ன என்று எல்லாம் விசாரித்தாள்.

"மத்தவங்க ஏன் வரலையாம்? கேட்டீங்களா?"

"பதிவேட்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு..."

ஆறாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, போனைப் பிடுங்கி ஒவ்வொருவராக அழைத்தாள். அந்தோணி சொன்னான்: "விடியுமுன்ன கடலுக்குப் போணும்க்கா. எட்டு மணிக்கு நான் தூங்கிருவேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல." காசிமுக்கு அது வேலை முடிந்து கம்பெனி வண்டியில் வரும் நேரமாம், அதனால்தான் அவனாலும் சேர முடியவில்லை. இன்னொருவருக்குப் பிள்ளையைத் தூங்கவைக்கும் நேரம். எட்டு மணி வசதிப்பட்டது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான். காசிம் போனபின் அந்த நேரத்தை வைத்தவனும் நான்தான்.

அடுத்து விலகியவர்களின் வீடுகளுக்கே பேசினாள். "அக்கா, நான் டீச்சர் பேசுதேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் விடுங்க. அதுக்கு மேல போனத் தொட்டா என்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்." டீச்சர் சொன்னால் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது.

"பதவியெல்லாம் என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"மொதல்ல வந்து ஆடுங்க."

ஞாயிறு மாலை என்னையும் சேர்த்து ஒன்பது பேர் வந்தார்கள். (ஒழுங்கு நடவடிக்கைத் தலைவர் உட்பட.) பத்தாவதாகப் பியூலா தன் போனில் ஆட்டத்தை இறக்கிக்கொண்டு நுழைந்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் முதல் குண்டு வெடித்தது. செத்தது நான்.

"அய்யோ, தெரியாமப் பட்டுட்டு" என்றாள். தெரியாமல்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

படுதோல்வி. ஆனால் துபாயிலிருந்து காசிம் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "தோத்துட்டோம்லே! பத்துப் பேராத் தோத்துட்டோம்லே!" சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. பெயர் தப்பியது. என் பதவி அன்றோடு போயிற்று.

இப்போது முதலைகள் முப்பது பேருக்கு மேல். தலைவர் பியூலா. ஞாயிறு மாலை ஆட்டம். மற்ற நாளில் அவரவர் விருப்பம். ஒரே ஒரு சட்டம்தான்: எட்டு மணிக்கு யாரும் களத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் தலைவர் தூக்கிவிடுவார். என்னை இரண்டு முறை தூக்கியிருக்கிறார்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் எட்டு மணிக்கு ரிவ்யூ மீட்டிங். அடுக்களையிலிருந்து "மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது" என்று பியூலா குரல் கொடுப்பாள், நான் தட்டை எடுத்து வைப்பேன். போன வாரம் எங்கள் மகளின் யூ.கே.ஜி. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்றால், பிள்ளை தினமும் "மீட்டிங்ல தோச" என்கிறதாம். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றார்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.