இடது கண்ணில் ஒரு பிளாஸ்டர்

எனக்குக் கண்ணடிக்கத் தெரியாது. அறுபது தாண்டிய பெண்பிள்ளை சொல்லிக்கொள்கிற விஷயமா இது என்று கேட்காதீர்கள். ஒரு கண்ணை மூடினால் மற்றதும் கூடவே மூடிக்கொள்ளும், அப்படியொரு ஒற்றுமை. மலையாள நாட்டில், கரமனை அக்ரகாரத்துப் பெண்ணுக்கு அது குறையே இல்லை (சொல்லப்போனால் தகுதி!). துப்பாக்கியைத் தொட்ட பிறகுதான் வினை வந்தது.

எழுபதுகளில் எங்கள் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் மாணவிகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. குறி பார்க்க இடது கண்ணை மூடு என்றார்கள். எனக்காக அதை மூடியவள் கமலா. அத்தை பெண், என் வகுப்புக்காரி. என் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்துவாள், நான் சுடுவேன். ஐந்து குண்டும் குறியட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் விழும். பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் தலையில் அடித்துக்கொள்வார், அட்டையைப் பார்த்ததும் அடுத்த பெண்ணிடம் போய்விடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாவட்டப் போட்டியிலே முதல் பத்துப் பேருக்குள்ளே வந்தா துப்பாக்கி. இல்லேன்னா தையல் கிளாஸ். கேட்டியா?" என்றார் அப்பா. செகரட்டேரியட்காரர், சொன்னால் சொன்னதுதான். எனக்கோ ஊசியைக் கண்டாலே குலைநடுங்கும்.

போட்டிக்கு முந்தின நாள்தான் தெரிந்தது, பக்கத்தில் இன்னொருத்தி படுக்கக் கூடாதாம்.

"இப்ப என்னடீ பண்றது?"

"நான் இருக்கேனே" என்றாள் கமலா. சாலைக் கடைத்தெருவில் பஞ்சும் பிளாஸ்டரும் வாங்கி வந்து, மறுநாள் காலை என் இடது கண்ணை இறுக ஒட்டி அனுப்பினாள்.

அந்த மாதம் ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. எங்கள் இருவர் மூளைக்கும் அது எட்டவில்லை. ஒரே துப்பாக்கியில் பல பேர் கன்னத்தைப் பதித்துச் சுட வேண்டும் என்பதும் எட்டவில்லை. எனக்கு அடுத்து சுட வேண்டிய பெண் என்னைப் பார்த்ததும் அலறினாள்.

"அய்யோ, செங்கண்ணு! ஆ தோக்கு எனிக்கு வேண்டா!"

நான் தொட்ட துப்பாக்கியே தனக்கு வேண்டாமாம். அவ்வளவுதான், வரிசை கலைந்தது. என்னைச் சுற்றி ஒரு பஸ் திரும்புகிற அளவுக்கு இடம். கண்ணுக்கு ஒன்றுமில்லை, மூடத்தான் தெரியாது என்று மலையாளத்தில் கெஞ்சினேன். நடுவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "பிளாஸ்டர் எடுக்கூ, குட்டீ" என்றார். எடுத்தேன். பாதிப் புருவமும் கூடவே வந்தது.

இரண்டு கண்ணும் திறந்திருக்க, இரண்டு அட்டை தெரிந்தது. நான்கு குண்டுகள் போன இடம் அந்தப் பத்மநாப சுவாமிக்கே வெளிச்சம். பொத்துவதற்குக் கமலா இல்லை, திட்டுவதற்கும் யாருமில்லை. வேறு வழியில்லாமல் மூச்சை அடக்கி, துப்பாக்கி நுனியை மட்டும் பார்த்தேன். இரண்டு அட்டைகளில் ஒன்று மெல்ல மங்கியது. ஐந்தாவதைச் சுட்டேன்.

கடைசி இடம் எனக்குத்தான்.

வீட்டில் அப்பா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டத்துக்குள் ஒரே ஓட்டை. என் பாதிப் புருவத்தையும் பார்த்தார். கமலா கண் பொத்துகிற கதை அவருக்கும் தெரியும்.

"இது கமலா சுட்டதா, நீ சுட்டதா?"

"நான்தான்ப்பா."

"சரி. தையல் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் இரண்டு கண்ணும் திறந்தே சுட்டு ஏழாவதாக வந்தேன். தையல் இன்றுவரை தெரியாது. போட்டியால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. பயிற்சியில் நூறு குண்டு சுட்டும் எனக்குத் தெரியாத ஒன்றை, அந்த ஒரு காலை காட்டிக்கொடுத்தது: அதுவரை பாதி குறி கமலாவுடையது.

போன மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். இடது கண்தான். பெரிய பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். பார்க்க வந்த கமலா நலம்கூட விசாரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னிக்கு அதை யாரும் எடுக்கச் சொல்ல மாட்டா. சுடுடீ!"