விசிலக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில்

குற்றாலத்து அருவியையே வரிசையில் நின்று விழச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் தென்காசியில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. தெருவுக்கு அவர் விசிலக்கா.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி சீசன் டூட்டி. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்றுகொண்டு, தலையில் தண்ணீர் விழுந்ததும் வீடு, பிள்ளை, பின்னால் நிற்கும் கூட்டம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற பெண்களை விசில் ஊதி வெளியே கொண்டுவருவதுதான் வேலை. அருவிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே! அந்த விசிலுக்கும் அக்காவின் நுரையீரலுக்கும் அப்படி ஒரு வலு. ஓய்வு பெற்ற அன்று தொப்பி, பெல்ட் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். விசிலை மட்டும், "இது எஞ் சொந்த விசிலு" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதன்பிறகு எங்கள் தெருவில் யாரும் எதையும் நிம்மதியாகச் செய்ததில்லை. பால்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் விசில். கேபிள்காரர் ஏணியைச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனால் விசில். என் மகன் கல்யாணத்தில் முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் இலையை மூடாமல் பாயசத்தின் பக்குவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா பார்த்தார், பொறுத்தார், பட்டுச்சேலை இடுப்பிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஊது.

"சாப்ட்டாச்சுல்லா! எந்திரிங்க, நகருங்க! பின்னால எம்புட்டுப் பேரு நிக்காவ, கண்ணு தெரியலையா?"

பந்தி மொத்தமும் எழுந்தது. பரிமாறுகிறவர்கள் சாம்பார் வாளியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். பாவம், எங்கள் சம்பந்தி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். இலையில் உப்பு மட்டும்தான் விழுந்திருந்தது. அவரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் டிராயிங் சார்வாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். மனைவி வாரக்கணக்கில் டூட்டிக்குப் போன காலத்தில் வீட்டுத் துணிமணியை அவர்தான் கவனித்தார். பிறகு அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்குத் தனிக் கொடி, சாயம் போகிறதற்குத் தனிக் கொடி, கொடியில் நிறங்கள் இளசிலிருந்து அடர்த்தியாக வரிசையாக இறங்க வேண்டும். அந்த மொட்டைமாடியைப் பார்த்தால் யாரோ ஒரு படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

ஆனி பிறந்து சாரல் இறங்கிவிட்டால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஊர் முழுக்க, "ஆகா, என்ன காத்து, என்ன குளிர்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்க, சார்வாள் மட்டும் மேற்கே மலையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார். துணி காயாது. சோபாவில் சேலை, ஜன்னல் கம்பியில் பனியன், ஃபேனுக்குக் கீழே போர்வை. வீட்டுக்குள் போனால் ஈரத்துணியை விலக்கி விலக்கித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை, வீரகேரளம்புதூரில் நல்ல வெயில் என்று கேள்விப்பட்டு, துணி மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் கொழுந்தியாள் வீட்டு மாடியில் காயப்போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பினார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூட்டையைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு ஓடிவந்த அவர் கோலத்தைப் பார்த்தவர்கள், ஏதோ பச்சைக் குழந்தையைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தார்கள்.

போன வருடம் அந்த வீட்டைப் புதுப்பித்தார்கள். மாடிப்படிக்கு அடியில், ரோட்டை ஒட்டி ஒரு சின்ன இடம். பழைய சைக்கிளும் ஓட்டை அண்டாவும் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டால் ஒரு அறை போடலாம். ஒன்றுதான் போடலாம். கொல்லையில் இருந்த பழைய கழிப்பறையை இடித்து மாடியில் கட்டிவிட்டதால் கீழே கழிப்பறை கிடையாது. அக்கா அந்த இடத்தில் கழிப்பறை என்றார். சார்வாள், வாழ்க்கையிலேயே முதல்முறையாக எதிர்த்துப் பேசினார். வாஷிங் மெஷின் வைத்து, கொடி கட்டி, மேலே ஃபேன் போட்டு, சாரலுக்குப் பயப்படாமல் துணி காயப்போட ஒரு அறை. அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"மாடியில ரெண்டு இருக்கே. கீழ எதுக்கு இன்னொண்ணு? நமக்கு முழங்காலு நல்லாத்தான இருக்கு?"

"எனக்கு வேணும். கக்கூஸ்தான். கதவு ரோட்டப் பாத்து."

கதவு ரோட்டைப் பார்த்து என்றதும் தெருவே கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் அக்கா சொல்லவும் மாட்டார். அடுத்த வீட்டு அண்ணாச்சி வாஸ்து தெரிந்தவர். ஓடி வந்தார்.

"வாசல்ல கக்கூஸ் வரவே கூடாது தாயி. வாஸ்துப்படி அந்த மூல ஆகவே ஆகாது."

"அண்ணாச்சி, அது வரும்போது வாஸ்து பாத்துட்டா வருது?"

அண்ணாச்சி வந்த வழியே போனார். நான் சார்வாள் கட்சி. பின்னே? அந்த மனிதர் துணி மூட்டையோடு ஓடிவந்ததைக் கண்ணால் பார்த்தவனாயிற்றே. தினமும் சாயங்காலம் போய் அவருக்காக வாதாடினேன். அக்கா, "ஏ எழுத்தாளரே, உம்ம பத்திரிகையில எழுதும். இங்கன பேசாதயும்" என்று முடித்துவிடுவார்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் செங்கோட்டையிலிருந்து வந்த கொத்தனார். பாதி நாள் கொல்லம் பக்கம் வேலை பார்ப்பவர். எல்லாப் பெண்களும் அவருக்குச் சேச்சிதான். காலையில் சார்வாள் சொல்கிறபடி மெஷினுக்குக் குழாய் வைப்பார். மத்தியானம் அக்கா வந்து விசில் ஊதினால் அதைப் பிடுங்கிவிட்டுப் பள்ளம் தோண்டுவார். கடைசியில் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார்.

"சேச்சி, கக்கூஸா, துணி ரூமா? நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவு சொல்லுங்க. அதுவரைக்கும் நா இங்கன சும்மா உக்காந்திருக்கேன்."

அப்படி அவர் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பகலில்தான் அது நடந்தது. அன்றைக்கு நானும் மத்தியானமே வாதாடப் போயிருந்தேன். சீசன் உச்சம். எங்கள் தெரு குற்றாலம் ரோட்டில் போய்ச் சேருகிற முனையில் போக்குவரத்தைப் பார்க்க ஒரு சின்னப் பெண் கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தார்கள். சாரலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. டம்ளர் நிறைய இஞ்சி டீ போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். போன வேகத்தில் டம்ளர் நிறைந்தபடியே திரும்பி வந்தார்.

"என்ன, அந்தப் புள்ள டீ குடிக்காதா?" என்றார் சார்வாள்.

"குடிக்கும். குடிச்சிட்டு அப்புறம் எங்கன போவும்?"

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"நா அருவிக்கரையில நிக்கும்போது கண்ணு முன்னால அம்புட்டுத் தண்ணி கொட்டும். ஊரு உலகமே வந்து நனைஞ்சிட்டுப் போவும். காலைல டூட்டிக்குப் போனா வீடு வந்து சேருத மட்டும் நா ஒரு மொடக்கு வாயில ஊத்த மாட்டேன். நின்ன எடத்த விட்டு எப்படி நகர? நா நகந்த நேரம் எவளாவது பாறையில வழுக்கி விழுந்துட்டா? ஒரு சீசன்ல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேம்லா. டாக்டர் அப்பமே சொல்லிட்டாரு, தண்ணி குடிக்காம அடக்கி அடக்கி வந்தது இதுன்னு. நீங்க சூடுன்னு நெனச்சு மோரு கலக்கிக் கொண்டாந்திய."

"நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா."

"இத எப்படிச் சொல்லுவா ஒரு பொம்பள?"

ஊருக்கே கேட்கும்படி ஊதத் தெரிந்தவர், இந்த ஒன்றை மட்டும் இத்தனை காலமும் வீட்டுக்குள்கூடச் சொன்னதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

சார்வாள் எழுந்தார். கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார். பூசாத சுவரில் விறுவிறுவென்று வரையத் தொடங்கினார்.

"கதவு இப்படி இருந்தா சாரல் உள்ள அடிக்கும். அந்தப் பக்கம் திருப்பும். மேல சின்னதா ஒரு ஜன்னல். பை மாட்ட உள்ள ஒரு கொக்கி. வயசானவுக பிடிச்சு எந்திரிக்க இங்கன ஒரு கம்பி."

"அப்பம் துணி ரூமு சார்?" என்றார் கொத்தனார்.

"ஏன்வே, நா கக்கூஸ் கதவப் பத்திப் பேசுதேன், நீரு துணியப் பத்திப் பேசுதீரே!"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்காவே திடுக்கிட்டுப்போனார்.

அந்தச் சீசன் முடிவதற்குள் கட்டி முடித்தார்கள். கதவுக்கு வான நீலம் அடித்து, ஒரு செம்பருத்தி வரைந்து, அதற்குக் கீழே தன் அழகான கையெழுத்தில் சார்வாளே எழுதினார்: "பெண்கள் வரலாம். கேட்க வேண்டியதில்லை."

முதலில் வந்தது முனையில் நின்ற அந்தக் கான்ஸ்டபிள். பிறகு பூக்காரிகள், தெரு பெருக்குகிறவர்கள், ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுவருகிற பெண். இப்போது அவர்கள் எல்லோரும் அக்கா கொடுக்கிற டீயைத் தைரியமாகக் குடிக்கிறார்கள். கழுவுகிற வேலையை அக்காவே செய்கிறார், யாரையும் தொடவிடுவதில்லை. தெருவில் ஒருவர், "இப்படித் தெறந்து போட்டா கண்டவங்களும் வருவாங்களே" என்று முனகினார்.

"கண்டவங்கதான் வரணும். காணாதவங்களுக்கா கட்டிப் போட்டிருக்கேன்?"

அதற்குமேல் யாரும் முனகவில்லை. வாஸ்து அண்ணாச்சியின் வீட்டம்மா மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய அன்று, சொந்த வீட்டு வாசலைத் தாண்டி நேரே நீலக் கதவுக்குள் ஓடினார். அண்ணாச்சி வெளியே பெட்டியோடு நின்றார். அன்றிலிருந்து அந்த மூலை வாஸ்துப்படி குற்றமில்லாத மூலை. இந்த வருடம் சீசனில் வெளியூர்க்காரப் பெண்கள் வேன் வேனாக வந்து வரிசை என் வீட்டுக் கேட் வரைக்கும் நீண்டது. அக்கா நடுரோட்டில் நின்று ஊதி ஊதி அனுப்பினார். அவசரத்தில் நடுவே புகுந்த ஒரு வாலிபனை, "எலே, செம்பருத்திக்குக் கீழ எழுதியிருக்கத வாசி!" என்று விரட்டிய விரட்டில் அவன் செங்கோட்டை போய்த்தான் நின்றிருப்பான்.

சார்வாளுக்கு மாடி வராந்தாவில் தகரம் இறக்கி மெஷின் வைத்துக் கொடுத்திருக்கிறார் அக்கா. காற்று திரும்பினால் சாரல் அங்கேயும் அடிக்கிறது. அப்போதெல்லாம் அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீரகேரளம்புதூர் பஸ் ஏறுகிறார். இப்போது அக்காவும் கூடப் போகிறார். யாரும் இடிக்காமல் மூட்டைக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

இத்தனை வருடம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். ஊருக்கு வருகிற வாசகர்கள் போன் செய்து வீட்டுக்கு வழி கேட்பார்கள். முன்பெல்லாம் தெருப் பெயர், கதவு எண் என்று விலாவாரியாகச் சொல்வேன். இப்போது, "விசிலக்கா வீட்டுக்கு எதிர்வீடு" என்று மட்டும் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.