பச்சை முடியும் வெள்ளைத் துணியும்

பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர் கல்லூரியின் புது வாத்தியார் எவெலியோ சாராகப் போனதுதான் யனேலிஸின் கெட்ட நேரம்.

முந்தின நாள் போட்ட சாயத்தில் முடி பச்சையாகிவிட்டது. அதை மறைக்க வெள்ளைத் துணி கட்டினாள். அதற்குப் பொருத்தமாக வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் செருப்பு. ஹவானாவில் சாமிக்குத் தீட்சை வாங்கியவர்கள்தான் ஒரு வருஷம் இப்படித் திரிவார்கள். அவர்களை யாரும் தொடக்கூடாது. கூட்டம் பயந்து விலகியது.

"உட்காரும்மா, தீட்சை வாங்கினதைச் சொல்லவே இல்லையே!" என்றார் சார்.

கால் வலித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"இறங்கினதும் உண்மையைச் சொல்லிடுடி," என்று கூடப் படிக்கும் தாய்லின் காதைக் கடித்தாள்.

"ஹவானாவுலேருந்து மனுஷன் நின்னுக்கிட்டே வர்றாரு. இப்ப சொன்னா பெயில்தான்!"

மத்தான்சாஸில், அவர்கள் பார்க்க வந்த யெமாயா சாமி மாடம் உள்ள பூசாரி வீட்டு வாசலிலேயே சார் முழங்கினார். "எமிலியானா அம்மா! எங்க ஓவியக் கல்லூரிப் பிள்ளைங்கள்ல ஒருத்தி தீட்சை வாங்கினவ!"

கதவைத் திறந்த குண்டு அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா? அப்ப நீயே ஆரம்பி."

பரீட்சை! அம்மாள் தன்னைச் சோதிக்கிறாள் என்று யனேலிஸ் நினைத்தாள். அகப்பட்டால் சார் விடமாட்டார், இந்த அம்மாள் விடமாட்டாள், யெமாயா விடவே மாட்டாள். மாடத்து நீலப் பட்டுக்கு முன்னால் தடாலென்று குப்புற விழுந்தாள். அம்மாளும் விழுந்தாள். சாரும் பிள்ளைகளும் வரிசையாக விழுந்தார்கள்.

"அப்புறம்?" தரையிலிருந்தே அம்மாள் கேட்டாள்.

யனேலிஸ் எழுந்து மாடத்திலிருந்த கிலுகிலுப்பையை ஆட்டினாள்.

"எத்தனை தடவை?"

"ஏ... ஏழு."

"ம். அப்புறம்?"

கைக்கு அகப்பட்டது படையல் தர்பூசணி. அதைத் தலையில் வைத்துக்கொண்டு மாடத்தைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் அது சாரின் காலடியில் விழுந்து சிதறியது. அவர் பயபக்தியோடு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அம்மாளின் முகம் வெளிறிப்போனது. யனேலிஸின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தாள். தொட்டுவிட்டாளே! எல்லாம் தெரிந்துபோயிற்று.

"மன்னிச்சிடுங்கம்மா, நான் வந்து..."

"மெதுவாப் பேசு தாயி!" அம்மாள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். "எமிலியானா தன் பேத்தியோட பிரசவத்துக்குப் போயிட்டா, நான் பூனைக்குச் சோறு வைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. இதுவரைக்கும் உன்னைப் பார்த்துத்தான் சமாளிச்சேன், அடுத்து என்னன்னு நீயே சொல்லிடு!"