முத்திரைக்கு அடியில் போன சொல்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையில் சைக்கிளை ஒழுங்காக ஓட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. இப்படி இரண்டாவது கருத்து இல்லாத விஷயமாகப் பார்த்துத்தான் அலுவலகம் திறப்பார்கள். அவ்வாறு திறக்கப்பட்ட சாலைப் பாதுகாப்புக் கல்வி அலுவலகத்தில் நாலு மேசை, ஆறு பீரோ, ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம் ஆகியவற்றோடு முத்திரையம்மாவும் இருந்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இருபது வருஷமாக அலுவலகத்தின் வட்ட முத்திரை அவள் கையில் இருந்ததால் இந்தப் பெயர் நின்றுவிட்டது. வெளியே போகிற எந்தத் தாளும் அவள் கையால் ஒரு குத்து வாங்காமல் படி இறங்காது. அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் குத்தும் வரைக்கும் பட்டம் வாங்கியவர்கள் எழுதியது எல்லாம் வெறும் தாள்தான்.

முத்திரை வைப்பதற்கும் ஒரு விதி இருந்தது. வெற்றிடத்தில் வைத்தால் எவனாவது அதை வெட்டி எடுத்து வேறு தாளில் ஒட்டிவிடுவானாம். ஆகவே, "முத்திரையானது எழுத்தின் மீது சிறிதளவேனும் படிந்திருத்தல் அவசியம்" என்று உத்தரவு. அந்தச் சிறிதளவு எவ்வளவு என்பது இருபது வருஷத்தில் அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது.

சைக்கிள் சுற்றறிக்கை மேசைக்கு வந்த அன்று அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது. லாரி போகிற சாலையில் நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து அவள் பள்ளிக்கூடம் போன முதல் நாள் அது. போய்ச் சேர்ந்தாளா, முன் டயரில் காற்று இருந்ததா, முச்சந்தியில் இரண்டு பக்கமும் பார்த்தாளா, இல்லை வழக்கம்போல ஒரு பக்கம் பார்த்துவிட்டு மற்ற பக்கத்தைக் கடவுளிடம் விட்டாளா என்று நினைத்துக்கொண்டே முத்திரையை மைப்பஞ்சில் ஒற்றி ஓங்கிக் குத்தினாள்.

எடுத்துப் பார்த்தால் சிறிதளவு இல்லை, முழு அளவு. ஏழாவது விதியின் முதல் சொல் அடியில் போய்விட்டது.

குத்துவதற்கு முன்னால் அந்த விதி இப்படி இருந்தது: "நிற்கும்போது ஓட்டுநர் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருத்தல் வேண்டும்."

குத்திய பிறகு இப்படி ஆனது: "ஓட்டுநர் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருத்தல் வேண்டும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் தாளை எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டு எழுபது பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். எழுதிய அலுவலர் அந்த வாரமே மாற்றலாகிப் போனார். புதிதாக ஒருவர் வந்தார். பள்ளிக்கூடங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், யாராவது ஒருத்தர் இது என்ன கூத்து என்று கேட்காமலா போவார் என்று முத்திரையம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

படிக்கத்தான் செய்தார்கள். கேட்கவும் செய்தார்கள். எந்தக் கால் என்று கேட்டார்கள்.

புதிய அலுவலர் இரண்டு நாள் தன் அறையில் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, "ஊன்றப்படும் கால் இடது கால் எனத் தெளிவுறுத்தப்படுகிறது" என்று பதில் போட்டார். அதற்கும் முத்திரையம்மாதான் குத்தினாள். இந்த முறை மிகச் சரியான இடத்தில்.

பயிற்சி தொடங்கியது. பயிற்சி கொடுக்க வந்தவருக்கு விசில் சார் என்று பெயர். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேட்டால், "நான் ஓட்டினா யாரு விசில் ஊதுறது?" என்பார். பிள்ளைகள் வலது காலால் பெடலை ஒரு மிதி மிதிப்பதும், இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்வதுமாக மைதானமெல்லாம் புழுதி கிளம்பிற்று. முன்பின் சைக்கிளையே தொடாத பிள்ளைகள் முதல் நாளே தேறினார்கள். ஒன்பது வயதிலிருந்து ஓட்டுகிற முத்திரையம்மாவின் மகள் இரண்டு முறை தோற்றாள்.

"உனக்கு ஏற்கெனவே ஓட்டிப் பழக்கம் இருக்கும்மா," என்றார் விசில் சார் வருத்தத்தோடு. "அதுதான் உன்கிட்ட இருக்கிற ஒரே குறை."

மூன்று மாதத்தில் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சைக்கிள் விபத்துகள் கணிசமாகக் குறைந்துவிட்டன. பொய் இல்லை. காலைத் தேய்த்துக்கொண்டு சைக்கிளில் போவதைவிட நடப்பது வேகம் என்று பாதிப் பிள்ளைகள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடந்து போய் வண்டியில் இடிபட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் பாதசாரிப் பிரிவில் வருவார்கள். அது அடுத்த கட்டடம்.

ஊர்ஜனங்கள் முதல் மாதம் திட்டினார்கள். இரண்டாவது மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "எங்க பையனுக்கு இடது செருப்பு மூணு வாரத்துல தேஞ்சுபோச்சு" என்று ஓர் அம்மா அலுத்துக்கொண்டால், "எங்க பொண்ணுக்கு ரெண்டே வாரம்" என்று இன்னொரு அம்மா பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் பெருமைதான் ஜாஸ்தி. செருப்புக் கடைக்காரர் அடி தடித்த இடது செருப்பைத் தனியாகவே விற்க ஆரம்பித்தார். அதற்கு 'ஊன்று செருப்பு' என்று பெயர். மூன்றாவது மாதம், காலையில் உடம்பைக் குறைக்க வருகிற பெரிய மனிதர்களும் ஊன்றி ஓட்டினார்கள். இடது கெண்டைக்காலுக்கு ரொம்ப நல்லதாம். வலது காலுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, அதற்கும் ஓர் உத்தரவு வரும் என்றார்கள்.

இதற்கிடையில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சான்றிதழ் இல்லாத சைக்கிள் எந்தப் பள்ளிக்கூட கேட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. மூன்று முறை தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதாவது, முத்திரையம்மாவின் மகள் இன்னொரு முறை தோற்றால் ஒரு வருஷம் அந்த லாரிச் சாலையோரமாகத் தினம் எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

"காலைக் கொஞ்சம் ஊன்றித் தொலையேன்டி," என்றாள் முத்திரையம்மா, சோறு பிசைந்தபடி. "பாஸ் பண்ணிட்டு அப்புறம் உன் இஷ்டத்துக்கு ஓட்டு."

"அம்மா, பரீட்சை மைதானத்துல இல்ல, முச்சந்தியில. லாரி வர்ற வளைவுல காலைத் தேய்ச்சுக்கிட்டே திரும்பணும். உங்க ஆபீஸ்ல எவனாவது சைக்கிளைக் கண்ணால பாத்திருக்கானா?"

"எவனாவதுன்னு சொல்லாத. பெரியவங்க."

"சரி. எந்தப் பெரியவராவது பாத்திருக்காரா?"

முத்திரையம்மா சோற்றை மறுபடியும் பிசைந்தாள். அந்தப் பெரியவர்கள் யாருமே இதைச் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பரீட்சை அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு முச்சந்தியில் போய் நின்றாள். மகள் அம்மா சொன்ன பேச்சைத் தட்டாமல் இடது காலைத் தேய்த்துக்கொண்டே சாலையின் நடுவுக்கு வந்தாள். அப்போது வளைவில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. ஹார்ன் அடித்தது. விசில் சாரும் ஊதினார். மகள் இரண்டையும் கேட்டாள், காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள், நாலே மிதியில் மறுகரையில் இருந்தாள். லாரி, அவள் இருந்த இடத்தின் மேல் ஏறிப் போயிற்று.

முத்திரையம்மா ஓடி வந்தாள். விசில் சார் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"தோல்வி," என்றார். "காலை எடுத்துட்டா."

"எடுக்கலேன்னா செத்திருப்பா சார்."

"இருக்கலாம்மா. ஆனா இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. கால் ஊன்றினாளா, ஊன்றலையா, அவ்வளவுதான்."

முத்திரையம்மா நேரே அலுவலகத்துக்குப் போனாள். பீரோவைத் திறந்து அசல் சுற்றறிக்கையை எடுத்தாள். அலுவலர் அறைக்குள் போய் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். தாளின் பின்பக்கமாகப் பார்த்தால், முத்திரை மைக்கு நடுவில் அந்தச் சொல் மங்கலாகத் தெரிந்தது.

"என்னால வந்த தப்பு சார். முத்திரைக்கு அடியில 'நிற்கும்போது'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. நிக்கும்போதுதான் காலை ஊன்றணும். ஓட்டும்போது இல்ல."

அலுவலர் எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"முத்திரை தப்பா விழுந்துதுன்னு எழுதினா என்ன ஆகும், யோசிச்சீங்களா? இருபது வருஷமா நீங்க குத்தின எல்லாத்தையும் பிரிச்சுப் பார்ப்பாங்க. நான் இங்க சேர்ந்த உத்தரவு நகல்ல குத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ நான் இங்க அலுவலர்தானா இல்லையாங்கிற கேள்வி வரும். வேண்டாம்மா. முத்திரை தப்பு பண்ணாது. அது எங்க விழுதோ, அதுதான் அதோட இடம்."

"என் பொண்ணு இன்னிக்கு லாரி அடியில போயிருப்பா சார்."

அலுவலர் மனிதர்தான். உட்கார்ந்து யோசித்தார். ஒரு மணி நேரத்தில் திருத்தச் சுற்றறிக்கை தயாராயிற்று. "மேற்படி விதிகளில் 'நிற்கும்போது' என்னும் சொல் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. இச்சொல்லினைப் பள்ளிகள் உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளவும். தேர்வுகள் அனைவருக்கும் மீண்டும் நடத்தப்படும்."

"எந்த இடம்னு போட்டுடலாமே சார்?"

"போட்டா, அங்க முன்னாடி விட்டுப்போச்சுன்னு ஆயிடும்."

எழுபது பள்ளிக்கூடங்களும் உரிய இடத்தைத் தேடின. ஒரு பள்ளிக்கூடம் மூன்றாவது விதியில் சேர்த்தது: "நிற்கும்போது பிரேக் வேலை செய்தல் வேண்டும்." இன்னொன்று ஐந்தாவது விதியில்: "நிற்கும்போது சாலையைக் கவனித்தல் வேண்டும்." மகளின் தலைமையாசிரியை எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்தார்: "நிற்கும்போது சைக்கிள் ஓட்டும் முறை."

இதைக் கண்டு அலுவலர் அசந்துபோனார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்து பெடலை மிதிப்பது. இதில் லாரி எங்கிருந்து வரும்? எல்லாப் பள்ளிக்கூடங்களும் இதையே பின்பற்ற வேண்டும் என்று எழுதினார். பெற்றோர்கள் மறுபடியும் ஒரு மாதம் திட்டினார்கள். பிறகு, தங்கள் பிள்ளை நின்ற இடத்தில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறது என்று ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

மகள் இந்த முறை முதல் வகுப்பில் தேறினாள். அச்சான சான்றிதழ்கள் கட்டுக் கட்டாக முத்திரையம்மாவின் மேசைக்கு வந்தன. மேலே இருந்ததை எடுத்துப் படித்தாள். "இவர் நிற்கும்போது சைக்கிள் ஓட்டத் தகுதி பெற்றவர். இதில் கண்டவாறு மட்டுமே ஓட்ட வேண்டும்."

ஆக, சான்றிதழும் வந்தது, சைக்கிளும் வீட்டிலேயேதான் நிற்க வேண்டும். மகள் நடக்கத்தான் வேண்டும்.

முத்திரையம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைப் பிரித்து மகளின் சான்றிதழைத் தேடி எடுத்தாள். முத்திரையை மைப்பஞ்சில் நன்றாக ஒற்றினாள். இந்த முறை மனசு ஒரு நிலையில்தான் இருந்தது. ஓங்கிக் குத்தினாள். 'நிற்கும்போது' அடியில் போயிற்று.

"இவர் சைக்கிள் ஓட்டத் தகுதி பெற்றவர்" என்றது தாள்.

அடுத்த தாளை எடுத்து வழக்கமான இடத்துக்கு முத்திரையைக் கொண்டுபோனாள். கை நின்றது. இதுவும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்று தோன்றிற்று. மூன்று நாள் குத்தினாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு சான்றிதழில்கூட அந்தச் சொல் தப்பவில்லை. முத்திரை தப்பு பண்ணாது என்று அலுவலரே சொல்லியிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை அலுவலக வாசலில் வரிசை நின்றது. எல்லோரும் பெற்றோர்கள். எல்லோர் கையிலும் சான்றிதழ்.

"அம்மா, இதுல ஒரு வார்த்தை முத்திரைக்கு அடியில போயிருக்கு," என்றார் முதலில் நின்றவர். காலில் புது ஊன்று செருப்பு.

"அந்த வார்த்தை இல்லாட்டா உங்க பையன் தாராளமா ஓட்டிக்கிட்டுப் போகலாங்க. நல்லதுதானே?"

"நல்லதோ கெட்டதோ, எங்களுக்குச் சேர வேண்டிய வார்த்தை. மத்த பிள்ளைங்களுக்கு இருந்து எங்களுக்கு மட்டும் இல்லைன்னா?"

"யாருக்குமே இல்லைங்க."

"அப்போ எல்லாருக்கும் போட்டுக் குடுங்க. ஸ்டாண்டு போட்டு எவ்வளவு பாடுபட்டுப் பழக்கியிருக்கோம் தெரியுமா?"

பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அலுவலர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, கேட்பவர்களுக்கு அந்தச் சொல்லைக் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடும்படி சொன்னார். முத்திரையம்மா பேனாவை எடுத்தாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, முச்சந்தியில், பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு மகள் சைக்கிளில் வந்தாள். ஒரு லாரி குறுக்கே வரவும் பிரேக் பிடித்து நின்றாள். இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அங்க பாருங்க," என்றார் ஊன்று செருப்புக்காரர். "நடுரோட்டுல காலை ஊன்றிக்கிட்டு நிக்குது. இதெல்லாம் எங்க ஓட்டக் கத்துக்கிட்டுதோ."

லாரி போயிற்று. மகள் காலைத் தூக்கி மிதித்தாள்.

"ஐயையோ, ஓட்டும்போது காலை எடுத்துடுச்சு," என்றார் பின்னால் ஒருவர். வரிசை மொத்தமும் உச்சுக் கொட்டியது. "இதுக்கெல்லாம் யாரு சான்றிதழ் குடுத்தது?"

முத்திரையம்மா குனிந்து ஊன்று செருப்புக்காரரின் சான்றிதழில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது குனிந்த கண்ணுக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவள், மேசைக்கு அடியில் தன் இடது காலும் தரையை அழுத்தி ஊன்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.