மூன்று வீட்டுத் தூரம்

தொலைபேசி மணி அடித்தபோது எப்சிபா டீச்சர் நனைந்த சேலையை மாற்றி, காலாண்டுத் தேர்வுத் தாள்களோடு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

லப்பைக்குடிகாட்டில் அந்தத் தெருவுக்கே அவர் வீட்டில் மட்டும்தான் போன். வளைகுடாவில் வேலை செய்யும் ஆண்கள் வெள்ளிக்கிழமை மாலையானால் வரிசையாக அழைப்பார்கள். டீச்சர் போய் வீட்டாரைக் கூட்டிவருவார். பத்து நிமிடத்தில் மறுபடி மணி அடிக்கும். அன்று கொட்டுகிற மழையில் மூன்று முறை போய் வந்துவிட்டார். இது நான்காவது.

"டீச்சரம்மா, தாவூது பேசுறேன். ரஷீதாவக் கொஞ்சம் கூப்பிடுங்க."

ரஷீதா வீடு மூன்று வீடு தள்ளித்தான். அந்த மூன்று வீட்டுத் தூரத்தை டீச்சர் பிற்பாடு எத்தனையோ முறை மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறார். அன்று நடக்கவில்லை.

"ரஷீதா வீட்டுல இல்லைங்க தம்பி."

"எங்க போயிருக்கா?"

அவ்வளவு தூரம் அவர் யோசித்திருக்கவில்லை. "பெரம்பலூருக்கு… ஆஸ்பத்திரிக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"யாருக்கு என்ன?"

லைன் அறுந்தது. டீச்சர் கர்த்தருக்கு நன்றி சொன்னார். சொன்ன பிறகு, எதற்குச் சொன்னோம் என்று கூசியது.

தெருவில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். யாரிடமும் வேதம் பேசியதில்லை. தன் வாயிலிருந்து பொய் வராது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், அதுவே தன் சாட்சி என்றிருந்தார். தெருவும் அதை ஒத்துக்கொண்டிருந்தது. குழாயடிச் சண்டை முற்றினால், "டீச்சரம்மா சொல்லட்டும்" என்று இரு கட்சியும் அவர் வாசலுக்கு வந்துவிடும். அந்தப் பெயர் இருபது வருடச் சம்பாத்தியம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரஷீதா போனில் கெஞ்சுவது சமையலறை வரை கேட்டது. "நான் எங்கயும் போகலீங்க. வூட்டுலதான் இருந்தேன்." டீச்சர் வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வராமல் மிக்சியைப் போட்டார். அதில் அரைக்க ஒன்றுமில்லை.

தாவூது டீச்சரைப் பேசச் சொன்னான். போனை வாங்கிய டீச்சர், ரஷீதா உடம்புக்கு ஒன்றுமில்லை, குழந்தை ஆஃப்ராவுக்குத்தான் லேசாக இருமல் என்று ஒட்டுப்போட்டார். அம்மாவோடு வந்திருந்த ஆஃப்ராவைத் தாவூது கூப்பிட்டான். அவள் எனக்கு இருமலே இல்லை என்று சொல்லி, அத்தாட்சியாக மூச்சு விடாமல் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள்.

போனை வைத்த தாவூதுக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. டீச்சர் பொய் சொல்ல மாட்டார். அப்படியென்றால் பொய் சொல்வது ரஷீதா. பொய் சொல்லிவிட்டு எங்கே போய் வருகிறாள்?

பத்தாம் நாள் அவசர விடுப்பில் ஊருக்கே வந்துவிட்டான். ஆசையாகத் திறக்க வேண்டிய பெட்டிகள் கயிறு அவிழ்க்காமல் கிடந்தன. புருஷனும் பெண்டாட்டியும் பேசவில்லை. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் போகிறான் என்று தெரு பேசிக்கொண்டது.

எப்சிபா டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஜெபம் செய்துவிட்டு, அந்த மூன்று வீட்டையும் கடந்து போனார். வாசலில் ஏற்கனவே நாலைந்து பேர் நின்றார்கள். உள்ளே ரஷீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ளதச் சொல்லிடுறேன், கோவப்படாமக் கேளுங்க" என்று ஆரம்பித்திருந்தாள்.

செய்யாத குற்றத்தை இந்தப் பெண் ஒப்புக்கொள்ளப் போகிறாளே என்று டீச்சருக்குப் பதறியது. குறுக்கே புகுந்தார்.

"அவ ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. நாந்தான் பொய் சொன்னேன். மழையில நடக்கச் சோம்பல். ரஷீதா அன்னிக்கு வூட்டுலதான் இருந்தா."

"சோம்பலா டீச்சரம்மா?" என்றான் தாவூது. பிறகு சிரித்தான். ரஷீதா டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பாரம் இறங்கிய அழுகை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பெட்டிகள் திறந்தன. டீச்சருக்கும் ஒரு சென்ட் பாட்டில் வந்தது. அந்த வாரமே தாவூது நிம்மதியாக விமானம் ஏறினான்.

தெரு டீச்சரைச் சும்மா விடவில்லை. "மணி என்னாச்சு டீச்சரம்மா? நெஜ மணியச் சொல்லுங்க" என்றார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரியான மணியைச் சொன்னார். பெயர் போனது வலித்தது. ஆனாலும் போக வேண்டிய பெயர்தான், உண்மையைச் சொல்லித்தானே போனது என்று ஆறுதல்பட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வாடகைக் கார் ஓட்டும் அங்கமுத்து போன் பேச வந்தான். வெளியூர்ச் சவாரியில் இருந்தவனுக்கு நடந்ததெல்லாம் அன்றைக்குத்தான் காதில் விழுந்திருந்தது. பேசி முடித்தும் போகாமல் வாசலில் நின்றான்.

"ஊரே சிரிக்கட்டும், உங்க பேரு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றான், குரலைத் தாழ்த்தி. "ஆனா அந்தம்மா அழுதுச்சுங்கிறதுக்காக நீங்களே போயி இப்படி ஒரு பொய்யச் சொல்லலாமா? அந்த வெள்ளிக்கிழமை பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அவங்களக் கூட்டிட்டுப் போனதே நான்தான். மார்புல கட்டி, உடனே அறுக்கணும், வூட்டுக்காரர வரச் சொல்லுங்கன்னு டாக்டர் சொன்னாரு. வந்த மனுசன நீங்க திருப்பி அனுப்பிட்டீங்களே."