இருமினால் எரியும் விளக்கு

"பிளக்கைப் பிடுங்குங்கப்பா. நான் கேக்குறது அவ்வளவுதான்."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். முன்னறை நிறைய ஆள், வாசற்படியில் செருப்புமேல் செருப்பு ஏறிக் கிடக்கும் நாளாகப் பார்த்து இன்ஜினியரம்மா அதையே கேட்டாள்.

இன்ஜினியரம்மா என்பது வீட்டில் வைத்த பெயர். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவரின் மகள். அந்தப் பரம்பரையில் முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் எலக்ட்ரானிக்ஸில். மிக்சி ரிப்பேரிலிருந்து ராக்கெட் விடுவது வரை மகளுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்பாவின் நம்பிக்கை. தனக்குத் தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. இரண்டுமே மூடநம்பிக்கை.

ஏனென்றால் இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்ததே அவள்தான். செத்துப்போன அத்தை ஆசையாக வளர்த்த மீன்தொட்டி. அதன் விளக்கு நேரத்துக்குத் தானாக எரிந்து அணையட்டும் என்று ஒரு டிஜிட்டல் டைமர் வாங்கி மாட்டினாள். குறிப்புத்தாளைப் படிப்பதெல்லாம் படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று தூக்கிப் போட்டுவிட்டு, கைக்கு எட்டிய பொத்தானையெல்லாம் அமுக்கினாள். மறுநாளிலிருந்து விளக்கு நினைத்தபோது எரிந்தது, நினைத்தபோது அணைந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தாள். சுவிட்சுப் பலகையைக் கழற்றிப் பூட்டினாள். விளக்கையே மாற்றினாள். கடைசியில், லோடு சரியில்லை என்றாள். என்ன லோடு என்று அம்மா கேட்காததால் மானம் தப்பியது.

டிகிரி கைவிரித்த இடத்தில், செத்தவர்களிடம் கேட்டுக் குறி சொல்கிற வாக்குக்காரர் கால்வைத்தார். எரிவது விளக்கல்ல, அத்தை என்றார். கேட்டால் பதில் சொல்வாளாம். எரிந்தால் ஆமாம், எரியாவிட்டால் இல்லை. பிளக்கைத் தொட்டால் மட்டும் கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம்.

தெருவே திரண்டு வந்தது. வீட்டை விற்கலாமா? முட்டிக்கு ஆபரேஷன் செய்யலாமா? உயிரோடு இருந்தவரை எந்தப் பஸ் எங்கே போகும் என்று நாலு பேரைக் கேட்டுவிட்டு ஏறிய அத்தை, செத்த பிறகு ஊருக்கே வழி சொன்னாள். காணிக்கைக்கு 'மீன் தீனி' என்று பெயர். மீன்கள் இளைத்தன, வாக்குக்காரர் தேறினார்.

இந்த நேரத்தில்தான் இன்ஜினியரம்மாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அனுப்பலாமா என்று அப்பா தொட்டியைக் கேட்டார். அவளும் பக்கத்தில் கைகட்டி நின்று, 'எரியேன், எரியேன்' என்று மனசுக்குள் கெஞ்சினாள். எரியவில்லை. நாலு வருஷம் படித்தது மீன்தொட்டியிடம் பிச்சை கேட்கவா? அந்த வெட்கத்தில்தான் அவளுக்குக் கண் திறந்தது.

அன்றிலிருந்து விளக்கை விட்டுவிட்டு ஆளைக் கவனித்தாள். வாக்குக்காரரின் ஒரு கை எப்போதும் தொட்டிக்குப் பின்னால். விளக்கு எரியுமுன் ஓர் இருமல், அணையுமுன் ஓர் இருமல். அத்தை விளக்கில் இறங்கும்போது அவருக்கு நெஞ்சை அடைக்கிறதாம். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா உருகிப்போய் இருமல் மருந்தே வாங்கிக் கொடுத்திருந்தாள். தொட்டிக்குப் பின்னால்தான் டைமர். அதன் பொத்தானை அமுக்கினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக்கை மூடத்தான் இருமல்.

இப்போது, பிளக்கைப் பிடுங்கச் சொன்னதும், அப்பா தயங்கி நின்றார்.

"டைல்ஸைத் தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லன்னா பேத்துப் போடுவீங்கல்ல? இதையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கப்பா. டைமரைக் கழட்டிட்டு விளக்கை நேரா சுவத்துல சொருகுங்க. அத்தை விளக்குலதானே இருக்காங்க, டப்பாலயா இருக்காங்க?"

"அத்தைக்குப் பிடிக்காதும்மா," என்றார் வாக்குக்காரர்.

"அதையும் அவங்களையே கேட்டுடுவோம் சார்."

தட்டிப் பார்ப்பது என்றதும் அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. டைமரைக் கழற்றி, விளக்கை நேராகச் சொருகினார். எரிந்தது.

"நான் வேலைக்குப் போகலாமா அத்தை?" எரிந்தது. "போகக் கூடாதா?" அப்போதும் எரிந்தது. வாக்குக்காரர் இருமினார். எரிந்தது. இன்னும் பலமாக இருமினார். அசையாமல் எரிந்தது.

"இவர் நம்மளை ஏமாத்துறாரா அத்தை?"

பளிச்சென்று எரிந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அவள் டைமரில் மேஜைவிளக்கை மாட்டி, பொத்தானை 'டிக்' என்று அமுக்கிக் காட்டினாள். திரையின் ஓரத்தில் இருந்த குட்டி எழுத்தையும் காட்டினாள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடனை நம்பவைக்க, விளக்கைக் கண்டபடி எரியவிடும் வசதி அது. மாட்டிய அன்றைக்கே தான் அதை அமுக்கித் தொலைத்திருந்ததையும் மறைக்காமல் சொன்னாள். திருடனை ஏமாற்றச் செய்த வசதி, வீட்டுக்காரர்களை ஏமாற்றத் திருடனுக்கே உதவியிருந்தது.

சளி பிடித்திருக்கிறது என்று முனகியபடி வாக்குக்காரர் வாசலுக்கு நழுவினார். ஊருக்கே வாக்குச் சொன்னவருக்கு, அவர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஒரு அத்தையும் வரவில்லை.

"அதான் உங்க அத்தையே போகலாம்னு எரிஞ்சு காட்டிட்டாளே, போயிட்டு வா," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேலைக்கு வரேன்னு காலையிலயே பதில் அனுப்பிட்டேம்மா. விளக்கைக் கேக்கல."

தையல்காரம்மாவுக்கு வேறு கவலை. "அப்ப எங்க வீட்டு விஷயமெல்லாம் இனிமே யாரைக் கேக்குறது? நீயே சொல்லேன் இன்ஜினியரம்மா." நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. அப்பாவின் தலையும்தான்.

அவள் தயாராக வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இந்த டப்பாவைத் தப்பா மாட்டினவளே நான்தான்க்கா. என்னையும் நம்பிடாதீங்க. உங்க தலைக்கு டைமர் கிடையாது, எப்ப வேணாலும் எரியும். ஒரு தடவையாவது போட்டுப் பாருங்க."

செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.